அஞ்சுக்கு ரெண்டேகால்

மூணு மாசத்துக்கு முன்னாடி எனக்கு மார்க் ஷீட் வந்துச்சுங்க.

46 வயசுல என்ன மார்க் ஷீட்டுன்னு கேக்காதீங்க. நானும் அதையேதான் கேட்டேன்.

கம்பெனில எல்லாரும் அவங்கவங்க சூப்பர்வைசருக்கு மார்க் போடணும், பேரு எழுத வேண்டாம், போன்லயே அமுத்தினா போதும்னு எங்க மொதலாளி மேடம் சொல்லிட்டாங்க. பத்துக் கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க். எனக்குக் கீழ 14 பசங்க. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா எனக்கு வந்தது அஞ்சுக்கு ரெண்டேகால்.

வீட்டுல சொன்னேன். வீட்டுக்காரி விரல்விட்டுக் கணக்குப் போட்டு, "நூத்துக்கு 45 வருது. பாஸ்தானுங்களே?"ன்னா. ஆறுதல் சொன்னாளா, குத்திக் காட்டினாளான்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல.

மத்த கேள்வியெல்லாம்கூட விடுங்க. பத்தாவது கேள்வி, "தப்பு நடந்தா இவர்கிட்ட பயப்படாம சொல்ல முடியுமா?" அதுக்கு வந்தது ஒண்ணரை.

அன்னிக்கு ராத்திரியே இந்தப் பதிவை எழுத உக்காந்தேன். தலைப்புகூட வெச்சாச்சு: "இந்தக் காலத்துப் பசங்க". நாலு பாரா ஓடுச்சு. போன், சம்பளம், லீவு, மரியாதை எல்லாம் வந்துச்சு. (நாங்கல்லாம் அந்தக் காலத்துல... அதுவும் வந்துச்சு.) நல்லவேளை, கரண்ட் போயிடுச்சு. சேவ் பண்ணாம விட்டுட்டேன்.

இப்ப எழுதறது வேற பதிவு.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். கோயமுத்தூர்ல கணபதி பக்கம் பம்ப் செட்டு பாகங்கள் செய்யற ஒரு கம்பெனி. 2002-ல டிப்ளமோ முடிச்சுட்டு ட்ரெய்னியா சேர்ந்தேன். இன்னமும் அங்கதான். பெரியவர், அவர் பையன், இப்ப பேத்தி. ஒரே கேட்டு, ஒரே டீக்கடை, மூணு மொதலாளி. மேனேஜ்மென்ட் படிக்கப் பணம் கட்டற பசங்க எங்கிட்ட வந்தா ஓசிலயே சொல்லித் தருவேன்.

பெரியவர்லருந்து ஆரம்பிக்கறேன்.

1971-ல வாடகை ஷெட்டுல ஒரே ஒரு லேத்தை வெச்சு ஆரம்பிச்சவர். எங்க ஊர்ல பாதிக் கம்பெனிக்கு இதுதானுங்க வரலாறு. 1937-லயே பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் கரண்ட் மோட்டார் செஞ்சு காட்டின ஊரு. அவங்களைப் பாத்து ஆயிரம் பேரு ஷெட்டு போட்டாங்க. அதனால இங்க மொதலாளின்னா, கையில ஆயில் பட்டவர்தான். ஷாஃப்ட்டைக் கையில எடுத்து உருட்டிப் பாத்தே, "ரெண்டு தவ் கம்மி"ம்பார் பெரியவர். மைக்ரோமீட்டர் வெச்சா ரெண்டு தவ் கம்மியாத்தான் இருக்கும். (தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு. எங்க பசங்களுக்கு மைக்ரான்தான் தெரியும். நான் தவ்ன்னா வவ்வாலைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க.)

அவர் மேனேஜ்மென்ட் ஸ்டைல் என்னன்னா, கத்தறது.

"சோத்தைத் தின்னியா, மண்ணைத் தின்னியா"தான் குட் மார்னிங். தப்பான ஜாப்பை நம்ம கால்கிட்ட தரையில எறிவார், அந்தச் சத்தம் மூணு ஷெட்டுக்குக் கேக்கும். பதினோரு மணிக்கு அதே மனுசன் பக்கத்துல வந்து, "சாப்ட்டயா கண்ணு?"ம்பார். அட்வான்ஸ் கேட்டா சட்டைப் பாக்கெட்டுலருந்து எண்ணிக் குடுத்துட்டு, சின்ன நோட்டுல பென்சில்ல எழுதிக்குவார். மூணு நிமிஷம். ஒரு பையனோட அம்மாவுக்கு ஆப்பரேஷன்னப்ப எழுதினதை, ரெண்டு வருஷம் கழிச்சு ரப்பர் வெச்சு அவரே அழிச்சார்.

ஆனா லீவு மட்டும் வாயத் தொறந்து கேக்க முடியாது. என் கல்யாணத்துக்கு நான் லீவு கேட்ட கதை இது:

"எத்தனை நாளு?"

"அஞ்சு நாளுங்க."

"கல்யாணம் ஒரு நாளுதான?"

மூணு நாள் கிடைச்சுது. (கோவில் எல்லாம் முடிச்சுட்டு நாலாம் நாள் காலைல ஆறு மணி ஷிஃப்டுல நின்னேன். இதை வீட்டுக்காரி இன்னும் மறக்கல.)

இந்த இடத்துல ஒரு குத்தத்தை ஒத்துக்கணும். ட்ரெய்னியா இருந்தப்ப ஒரு நாள் 11 இம்பெல்லர் துளையைப் பெரிசாப் போட்டுட்டேன். காஸ்ட் அயர்ன். பெரிசானா பெரிசானதுதான். சொன்னா கொன்னுடுவார். என்ன பண்ணினேன்? துளை போடறப்ப உதிர்ற போரிங் தூளைக் கொட்டற தொட்டியில அடியில போட்டு மேல தூளைத் தள்ளிப் பொதைச்சுட்டேன். அடுத்த வாரம் ஸ்கிராப்காரன் வண்டியில ஏத்திட்டுப் போனான். நான் மட்டும் இல்ல, எல்லாருமே பொதைச்சோம். அந்தத் தொட்டி எங்க எல்லாருக்கும் குலதெய்வம் மாதிரி.

2009-ல பையன் வந்தார். சின்னவர். இன்ஜினியரிங், அதுக்கு மேல எம்.பி.ஏ.

அவர் கத்தவே மாட்டார். ஒரு தடவைகூட. வந்த வருஷமே ஐ.எஸ்.ஓ, விரல் வெக்கற மிஷின், சுவத்துல டார்கெட் போர்டு, காலைல ஒம்போது மணிக்கு மீட்டிங். அப்புறம் கேமரா. மொதல்ல நாலு, அப்புறம் பதினாறு. வீட்டுல உக்காந்து போன்லயே பாப்பார். மத்தியானம் மூணு மணிக்கு நம்ம போனுக்கு ஒரு மெசேஜ் வரும்: "மிஷின் நம்பர் 6 ஏன் 12 நிமிஷமா நிக்குது?" அவ்வளவுதான். திட்டு கிடையாது. ஆனா வயித்துல ஒரு புளி கரையும் பாருங்க... பெரியவர் கத்தினா பதினோரு மணிக்கு முடிஞ்சிரும். இது ராத்திரி தூங்கற வரைக்கும் கூடவே வரும்.

அவரையும் தப்புச் சொல்லிட முடியாதுங்க. அவர் வந்த நேரம் அப்படி. 2012-ல எங்க பக்கமெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் கிடையாது. கரண்ட் எப்ப வருதோ அப்பத்தான் ஷிஃப்ட். டீசல் ஊத்தி ஓட்டினா பீஸுக்கு நஷ்டம், ஓட்டலைன்னா ஆர்டர் போயிரும். 2016-ல நோட்டுச் செல்லாது, 2017-ல ஜி.எஸ்.டி, 2020-ல லாக்டவுன். பெரியவருக்கு ஜாப்பைப் பாத்தாப் போதும். சின்னவருக்கு பேங்க்காரன், ஆடிட்டர், கஸ்டமர் அனுப்பற ஆடிட் ஆளுன்னு எல்லாரும் காகிதம் கேட்டாங்க. அதனால அவரும் எங்ககிட்ட காகிதம் கேட்டார்.

அவர்தான் 2011-ல என்னை சூப்பர்வைசராக்கினார். அங்கதான் கதையே.

யாரும் எனக்கு சூப்பர்வைசர் வேலை சொல்லித் தரலைங்க. லேத்துக்கு ட்ரெயினிங் உண்டு, சி.என்.சி-க்கு ட்ரெயினிங் உண்டு, 14 மனுசனுக்கு ட்ரெயினிங் கிடையாது. நல்லா டர்னிங் பண்ணினயா, இந்தா, சூப்பர்வைசர். அவ்வளவுதான். நான் என்ன பண்ணுவேன்? கண்ணால பாத்ததைப் பண்ணினேன். அப்பாகிட்டருந்து சத்தத்தை எடுத்துக்கிட்டேன். பையன்கிட்டருந்து கேமராவை எடுத்துக்கிட்டேன். அப்பாவோட சட்டைப் பாக்கெட்டையும், பையனோட பொறுமையையும் விட்டுட்டேன்.

ரெண்டேகால் எங்கருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதுங்களா?

2022-ல பேத்தி வந்தாங்க. இப்ப 28 வயசு. வந்த அன்னிக்கே, "என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்கண்ணா"ன்னாங்க. ஷெட்டே கல்லாட்டம் நின்னுச்சு. அவங்க தாத்தா முன்னாடி உக்காராத ஆளுங்க நாங்க, பேத்தியப் பேரச் சொல்லுவோமா? "மேடம்"ல வந்து சமாதானம் ஆச்சு. அவங்களுக்கு நாங்க எல்லாரும் அண்ணா.

எதைச் சொன்னாலும் "ஏன்ணா?"ம்பாங்க. சந்தேகத்துல இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கக் கேப்பாங்க. ஏழு மணிக்கு மேல வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் போடக் கூடாதுன்னு சொன்னாங்க. மேலயும் கீழயும் எல்லார்கிட்டயும் கருத்துக் கேப்பாங்க.

எல்லாமே பிரமாதம்னு சொல்ல மாட்டேன். ஷெட்டுல கூலர் எங்க வெக்கலாம்னு ரெண்டு வாரம் கருத்துக் கேட்டாங்க. கடைசில ஓட்டெடுப்பு. வெச்ச இடத்துல பாதிப் பேருக்குக் காத்தே வரல. பெரியவரா இருந்தா, "அங்க வைடா"ன்னு ஒரு வார்த்தை. (அப்பவும் பாதிப் பேருக்குக் காத்து வந்திருக்காது. ஆனா ரெண்டு வாரம் மிச்சம்.) அட்வான்ஸ் வேணும்னா இப்ப போன்ல ஒரு ஃபார்ம். மூணு நாள் ஆகும். அதுல "காரணம்"னு ஒரு கட்டம். தங்கச்சி கல்யாணம் நின்னு போன கதையை அந்தக் கட்டத்துல எப்படிங்க எழுதறது?

சரி, மார்க் ஷீட்டுக்கு வருவோம்.

பத்தாவது கேள்விக்கு வந்த அந்த ஒண்ணரை யாரு போட்டதுன்னு கண்டுபிடிக்கணும்னு ஒரு வெறி. (14 பேரும் சேந்துதான் போட்டாங்கன்னு புத்திக்குத் தெரியுது, மனசுக்குத் தெரியல.) என் சந்தேகமெல்லாம் ஒரு பையன் மேல. 23 வயசு. அதுக்கு ஒரு மாசம் முந்திதான் 62 ஷாஃப்ட்டை ஒரே ஷிஃப்டுல காலி பண்ணியிருந்தான். இன்சர்ட் (வெட்டற முனை) மாத்திட்டு ஆஃப்செட் (மிஷினுக்குக் குடுக்கற அளவுத் திருத்தம்) போடும்போது ப்ளஸ் போட வேண்டிய இடத்துல மைனஸ். பேரிங் உக்கார்ற இடம் சிறுசாயிடுச்சு. பெரிசா இருந்தா மறுபடி ஓட்டிக்கலாம், சிறுசானதை ஒட்டவா முடியும்? அன்னிக்கு நான் கத்தின கத்துல டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பாத்தார். அதுக்கப்புறம் அந்தப் பையன் எங்கிட்ட "சரிங்ணா"வைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்ல.

கூப்பிட்டேன். "மார்க்கை விடு. அன்னிக்கு என்னதான்டா ஆச்சு, சொல்லு"ன்னேன்.

ரொம்ப நேரம் கேஜைத் துடைச்சுட்டே நின்னான். அப்புறம் சொன்னான்:

"எட்டாவது பீஸ்லயே கேஜ் லூசா போற மாதிரி இருந்துச்சுங்ணா. உங்களைக் கேக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். நீங்க ஒடிசாப் பையன்கிட்டக் கத்திட்டு இருந்தீங்க. சரி, அப்புறம் கேக்கலாம்னு திரும்பிப் போயிட்டேன்."

எட்டாவது பீஸ்!

எட்டுல நிக்க வேண்டியது 62-ல நின்னுச்சு. மிச்சம் 54-ம் மிஷின் பண்ணின ரிஜெக்ஷன் இல்ல, அவன் பண்ணினதும் இல்ல. என் வாய் பண்ணின ரிஜெக்ஷன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. 2002-ல போரிங் தொட்டிகிட்ட நின்ன பையனுக்கும் 22-23 வயசு. அவனும் பயந்துதான் பொதைச்சான். அப்ப "இந்தக் காலத்துப் பசங்க"ன்னு நான் எதைத் திட்டினேன்?

இந்தத் தலைமுறைக் கணக்கு ஒண்ணு இருக்குதுல்லங்க, அமெரிக்காவுல பியூ ரிசர்ச்காரங்க பிரிச்சது. 1965-லருந்து 80 வரை பொறந்தவங்க எக்ஸ், 1981-லருந்து 96 வரை மில்லேனியல், 1997-லருந்து 2012 வரை இசட். அதுப்படி நான் எக்ஸாம். (எனக்குத் தெரிஞ்ச எக்ஸ் டி.வி.எஸ் எக்ஸ்.எல்தான்.) 1980 டிசம்பர் 31-ல பொறந்தவனுக்கு ஒரு புத்தி, மறுநாள் பொறந்தவனுக்கு வேற புத்தியா? அந்த ஊரு தேசிய அறிவியல் அகாடமிகளே 2020-ல ஒரு அறிக்கையில, ஆளுங்களை மேய்க்க இந்தத் தலைமுறைப் பட்டியலை நம்பாதீங்க, அதுக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு எழுதிட்டாங்க. வயசு, அனுபவம், அந்தந்தக் காலத்து வேலை நிலவரம், இதெல்லாம் கலந்துகெடக்கறதைத் தலைமுறைன்னு சொல்லிக்கறோம்.

வேலை நிலவரம்னா என்னன்னு எங்க கேட்டுல நின்னாத் தெரியும். 2002-ல காலைல ஆறு மணிக்குக் கேட்டுக்கு வெளிய பத்துப் பசங்க, "வேலை இருக்குங்களா?"ன்னு நிப்பாங்க. பெரியவர் கத்தும்போது எங்க கண்ணு கேட்டுப் பக்கம்தான் போகும். இப்ப கணபதியில எந்தக் கரண்ட் கம்பத்தைப் பாத்தாலும் ஒரு போர்டு: "சி.என்.சி ஆப்பரேட்டர், டர்னர் தேவை. தங்குமிடம் இலவசம்." பையன் மத்தியானம் ஏப்ரனைக் கழட்டினா சாயங்காலம் அடுத்த கேட்டுல ஏப்ரனை மாட்டிக்கலாம். என் 14 பேருல அஞ்சு பேரு ஒடிசா, பீகார். நான் என்ன திட்டறேன்னு அவங்களுக்குப் புரியாது. சத்தம் மட்டும் நல்லாப் புரியும்.

மரியாதை போயிடுச்சுன்னு டீக்கடைல பேசிக்கறோம். போனது பயம்ங்க. ரெண்டும் ஒரே சட்டையைப் போட்டுட்டு வந்ததால எங்களுக்கு வித்தியாசம் தெரியல.

நடுவுல ஒரு சின்ன கிளைக்கதை. 2023 அக்டோபர்ல நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னார். 2025 ஜனவரில எல் அண்ட் டி தலைவர் பேசின வீடியோ வந்துச்சு, 90 மணி நேரம், ஞாயித்துக்கிழமையும் சேத்து. ஒரு பையன் டீயைக் கீழ வெச்சுட்டு, "ஞாயித்தை விட்டுட்டு ஆறு நாளுக்கு வகுத்தா நாளுக்கு 15 மணி நேரம்ங்ணா. மிச்சம் ஒம்போதுல தூங்கி, குளிச்சு, காந்திபுரத்துல பஸ்ஸு மாறி..."ன்னு கணக்குப் போட்டான். நான் உடனே, "பெரியவர் 90 மணி நேரம் உழைச்சவருடா"ன்னேன். அவன் சாதாரணமாத்தான் சொன்னான்: "ஷெட்டு அவரோடதுங்ணா."

பதில் இல்ல எங்கிட்ட. 1948-ல போட்ட ஃபேக்டரி சட்டத்துலயே வாரத்துக்கு 48 மணி நேரம்தான், அதுக்கு மேல ஓடி-ன்னா டபுள் சம்பளம்னு இருந்துச்சு. நம்ம சட்டசபையில 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டு ஒரு திருத்தம் நிறைவேத்தினாங்க, எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்னிக்கே வாபஸ்னு அறிவிச்சாங்க. அந்தக் கூச்சல் போட்டதுல தாத்தா வயசுக்காரங்களும் இருந்தாங்க, பேரன் வயசுக்காரங்களும் இருந்தாங்க. தலைமுறை எல்லாம் அங்க காணாமப் போச்சு.

கிளைக்கதை முடிஞ்சுது. நான் திருந்தின கதைக்கு வர்றேன். (திருந்தப் பாத்த கதை.)

முயற்சி ஒண்ணு: ஃப்ரெண்டாயிடறது. டீ டைம்ல பசங்க நடுவுல போய் உக்காந்து, ஒருத்தன் தோள்ல கையைப் போட்டு, "அப்புறம் மச்சி?"ன்னேன். எல்லாரும் மெதுவா எந்திரிச்சாங்க. ஒருத்தன் மட்டும் நின்னு, "அண்ணா, ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலைங்களா?"ன்னான்.

முயற்சி ரெண்டு: வாயே தொறக்கறதில்ல. மூணு நாள். நாலாம் நாள் மேடம் கூப்பிட்டு, "நீங்க பேசாம இருந்தா இன்னும் பயமா இருக்குதாம்ணா"ன்னாங்க. வாயை மூடினா மூஞ்சி கத்துது போல.

முயற்சி மூணுதான் கொஞ்சம் நின்னுச்சு. இன்சர்ட் மாத்தினாலோ, ஆஃப்செட்டைத் தொட்டாலோ, முதல் பீஸை ரெண்டு பேரு அளக்கணும். அதுல ஒருத்தன் நான். எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு வருவேன். யாராச்சும் தப்பான பீஸைக் கையில எடுத்துட்டு வந்தா மூணே கேள்விதான் கேப்பேன். எத்தனாவது பீஸு? கடைசியா என்ன மாத்தினே? இப்ப என்ன பண்ணலாம்? "எவன்டா பண்ணினது?"ங்கறது அந்தப் பட்டியல்லயே இல்ல. என் டூல் பாக்ஸ் மூடியில இந்த மூணையும் எழுதி ஒட்டியிருக்கேன். பசங்களுக்காக இல்ல. எனக்காக.

கத்தறது நின்னு போச்சான்னா, இல்லைங்க. கையை மிஷின்ல விடப் போனா இன்னும் கத்துவேன். அது வேற சத்தம். அதுக்கு யாரும் கோவிச்சுக்கறதில்ல.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பெரியவர் வந்திருந்தார். 86 வயசு. சேர் போட்டு உக்கார வெச்சோம். பொரிகடலைப் பொட்டலத்தைக் குடுக்கப் போனப்ப, என்னமோ தோணுச்சு, 23 வருஷத்துப் பாவத்தை இறக்கி வெச்சுட்டேன். "ஐயா, நான் ட்ரெய்னியா இருந்தப்ப 11 இம்பெல்லரைத் தொட்டியில பொதைச்சேனுங்க."

பொரியை மென்னுட்டே சொன்னார்: "பதினொண்ணா? நான் எண்ணினது பதிமூணு. அப்ப அந்த ரெண்டு எவனோடது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "தெரியுங்களா? அப்பவே ஏனுங்க கேக்கல?"

"கேட்டிருந்தா அடுத்த தடவ இன்னும் ஆழமாப் பொதைச்சிருப்பே."

பக்கத்துல மேடம் நின்னுட்டு இருந்தாங்க. தாத்தாவையும் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க, சிரிச்சாங்க. கத்தினா மறைப்பாங்கன்னு அந்த மனுசனுக்கும் தெரிஞ்சேதான் இருந்திருக்கு. தெரிஞ்சும் வேற வழி தெரியல. கேட்டுல பத்துப் பேரு நின்னதால தேடவும் வேண்டியிருக்கல. எங்க மேடம் தேடித்தான் ஆகணும், நானும் தேடித்தான் ஆகணும். கேட்டுல இப்ப யாரும் நிக்கறதில்ல.

நேத்து ரெண்டாவது மார்க் ஷீட் வந்துச்சு. அஞ்சுக்கு மூணு புள்ளி ஒண்ணு. பத்தாவது கேள்விக்கு மூணு. அடியில ஒருத்தன் கருத்தும் எழுதியிருக்கான்: "அண்ணா இப்ப பரவால்ல. டீ சாப்பிடறப்ப மட்டும் பக்கத்துல வந்து உக்கார வேண்டாம்." (உக்காரலைடா சாமி.)

உங்களுக்குக் கீழ நாலு பேரு வேலை பாக்கறாங்கன்னா, ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கடைசியா எப்ப ஒருத்தர் தானா வந்து, "நான் தப்புப் பண்ணிட்டேன்"னு உங்ககிட்ட சொன்னாங்க?

ஞாபகம் வரலைன்னா, உங்க போரிங் தொட்டியை ஒருக்கா கிளறிப் பாத்துருங்க.